மீந்த மாதிரி

ஞாயிறு இரவு வந்தது சுற்றறிக்கை.
பொருள்: வரவுசெலவு மறுசீரமைப்பு.
மூன்று மொழிகளில் வருந்தியிருந்தார்கள்.
எந்த மொழியிலும்
வெட்டு என்ற சொல் இல்லை.

திங்கள் மதியம் கேன்டீனில்
அட்டையைத் தேய்த்தேன்.
போன வாரம்வரை பச்சை காட்டிய விளக்கு
சிவப்பு.
கல்லாவில் ரொமேல்
அட்டையை வாங்கித் தன் சட்டையில் துடைத்து
மறுபடி தேய்த்தார்,
குற்றம் அழுக்கினுடையதாக இருந்துவிட்டால் நல்லது
என்பதுபோல.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.
சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன்
வைத்திருந்த தட்டை
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
'வதனி, மெஷின் பிராப்ளம்' என்றார்
எல்லோருக்கும் கேட்கும்படி.
நல்ல மனிதர்.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.
அஜ்மான் முழுக்க நிரப்புகிறார்,
சம்பளம் மட்டும்
சொட்டுச் சொட்டாக.
சாப்பிட்டியா என்று போனில் கேட்டார்.
மீன் என்றேன்.
பொய்யில்லை, பார்த்தேன்.

பிறகு பேருந்தும் நின்றது.
ரோலாவிலிருந்து போக ஒரு காசு, வர ஒரு காசு,
மாதக் கடைசியில் அது
ஒரு பாடப்புத்தகம்.
நூலகம் ஆறு மணிக்கே மூடுகிறது.
மின்சாரச் சிக்கனமாம்.
வீட்டில் மூன்று குடும்பத்துக்கு ஒரு கூடம்,
எங்களுக்கு உள்ளறை,
தம்பிக்குக் கட்டிலின் மேல்தளம்.
நான் மூன்றாவது மாடிப் படிக்கட்டில்
என்சைம்களைப் படிக்கிறேன்.
விளக்கு தானாக அணையும்.
கையை வீசினால் எரியும்.
ஒரு பக்கத்துக்கு நான்கு முறை
யாருக்கோ விடைகொடுப்பதுபோல் வீசுகிறேன்.

மாணவர் நல ஜன்னலில் ஒரு படிவம் உண்டு,
சிரமப்படுவோருக்கு.
அப்பாவின் கம்பெனிக் கடிதம்,
ஆறு மாத வங்கிக் கணக்கு,
வீட்டுக்காரரின் முத்திரை
(எங்கள் பெயர் ஒப்பந்தத்திலேயே இல்லை),
பரிசீலனைக் கட்டணம் ஐம்பது திர்ஹம்.
ஏழை என்று காட்ட
முதலில் ஐம்பது வேண்டும்.
படிவம் இலவசம்.
வாங்கிவந்து பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஹிபா கார்ட்டூமில் பிறந்தவள்,
என் ஆய்வக மேசையின் மறுபாதி.
மதியங்களில் அவள் எழுந்திருப்பதேயில்லை.
நோன்பு என்றாள்.
ரமலான் முடிந்து ஏழு மாதமாச்சே?
விட்டுப்போனதைப் பிடிக்கிறேன் என்றாள்.
எத்தனை விட்டாய்?
இந்தப் பருவத்துக்குப் போதும்
என்று சொல்லிவிட்டு
பென்சிலைச் சீவினாள், நெடுநேரம்,
சீவ வேண்டிய தேவையே இல்லாத பென்சிலை.

நேற்று செய்முறை வகுப்பு.
உணவின் ஆற்றலை அளத்தல்.
குழுவுக்கு ஒரு குபூஸ்,
காலையில் சுட்டது,
பாலிதீன் பைக்குள் இன்னும் வேர்த்திருந்தது.
நூற்று ஐம்பது கிராமில்
எரிக்க வேண்டியது ஒரே ஒரு கிராம்.
உலர்த்தினோம், பொடித்தோம், வில்லையாக அழுத்தினோம்,
இரும்புக் குடுவைக்குள் மூடிக் கொளுத்தினோம்.
ஆய்வகம் முழுக்க
கருகிய ரொட்டி வாசம்.
என் வயிறு
பெயர் கூப்பிட்டதுபோல் திரும்பியது.
தண்ணீரின் வெப்பம் ஏற ஏற
எண்களைச் சொன்னேன், அவள் எழுதினாள்.
கிராமுக்கு நான்கு கலோரிக்குச் சற்றுக் குறைவு.
இருபது வயதுப் பெண்ணுக்கு
நாளொன்றுக்கு எவ்வளவு என்பது
பக்கத்துச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.
இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
ஒரு கேள்வி:
மீந்த மாதிரி எவ்வாறு அப்புறப்படுத்தப்பட்டது?

மணி மூன்று.
மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடந்தது.
கழுவுதொட்டியின் பக்கம் திரும்பி நின்று
ஹிபா குபூஸை இரண்டாகப் பிய்த்தாள்.
பெரிய பாதி என் பக்கம் வந்தது,
மாற்றி வைத்தேன்,
திரும்பவும் வந்தது.
நோன்பைப் பற்றி நான் கேட்கவில்லை.
மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

கையைத் துடைத்துக்கொண்டு
அந்தக் கட்டத்தில் எழுதினாள்:
விதிமுறைப்படி.
நான் சாட்சிக் கையெழுத்திட்டேன்.